நற்சாட்சிப் பஞ்சம்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சிங்கப்பூரில் அரிசிப் பஞ்சம் இருந்ததாகப் பொதுமக்கள் நம்புகிறார்கள். இது திருத்தப்படவேண்டிய தவறு. அரிசி இருந்தது. பாதி அரிசியும் பாதி சுண்ணாம்புமாக, புழுவும் உடன்வர, கொஞ்சம்போல இருந்தது. பஞ்சம் வந்தது கையெழுத்துக்கு. 'இன்னாரை நான் பல ஆண்டுகளாக அறிவேன். ஒழுக்கமானவர், உழைப்பாளி, நேரம் தவறாதவர்' என்று எழுதிக் கீழே ஒப்பமிடத் தகுதிபெற்ற வெள்ளைக்கார கனவான்கள் அத்தனை பேரையும் சாங்கிக்கு நடத்திக்கொண்டுபோய்ச் சிறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அதன்பிறகு ஊரில் மிஞ்சியவர்கள் எல்லாரும் நற்சாட்சி வாங்குகிற சாதி; கொடுக்கிற சாதி ஒன்றுகூட வெளியில் இல்லை. வரலாற்றாசிரியர்கள் இதைப்பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவர்களுக்குச் சோற்றைத் தாண்டிச் சிந்தனை போவதில்லை.

இந்தப் பஞ்சத்தில் படுமோசமாக அடிபட்டவர் பசுபதியார். ஜாலான் புசாரில் அஹமது கபீரின் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் மனைவி மனோரஞ்சிதத்தோடு குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்கார வணிக நிறுவனம் ஒன்றில் பழைய கோப்புகளைக் காக்கும் தலைமைக் குமாஸ்தா. ஊரைவிட்டு மாற்றலாகிப் போகும் துரைகளுக்கு மற்றவர்கள் மாலை போடுவார்கள். பசுபதியார் பேனாவை நீட்டுவார். இப்படிச் சேர்ந்த நற்சாட்சிப் பத்திரங்களை ஒரு தகரப்பெட்டியில் கற்பூரம் போட்டு வைத்திருந்தார்.

நற்சாட்சியைப் பற்றி அவருக்கு ஒரு கோட்பாடும் இருந்தது. பத்திரத்தின் பாரம் முழுவதும் கையெழுத்துப் போடுகிறவரிடத்தில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஒரு பக்கம் புகழ்ந்தாலும் தக்கை. கவர்னரின் செயலாளர் 'இவர் இருந்தார்' என்று இரண்டு சொல் எழுதினாலும் தங்கம்.

அந்தத் தங்கத்தை, ஜப்பான்காரன் ஊருக்குள் வந்த மறுநாளே மனோரஞ்சிதம் அடுப்பில் போட்டு மரவள்ளிக்கிழங்கு அவித்துவிட்டாள்.

"கவர்னரின்ரை செக்ரட்டரி போட்ட கையெழுத்து அது! தெரியுமோ உமக்கு?"

"ஓம். நல்லாய்த்தான் எரிஞ்சுது."

"இருவது வரியத்துத் தேட்டம்!"

"இஞ்சாருங்கோ, வெள்ளைக்காரன் உங்களை நல்லவன் எண்டு எழுதினதைச் சப்பான்காரன் பாத்தான் எண்டால் தலையைச் சீவிப்போடுவான். தலை இல்லாத ஆளுக்கு நற்சாட்சி என்னத்துக்கு? கிழங்கைச் சாப்பிடுங்கோ, ஆறப்போகுது."

பசுபதியார் சாப்பிட்டார். அவ்வளவு விலையுயர்ந்த கிழங்கை அந்தத் தீவில் வேறு யாரும் சாப்பிட்டிருக்க முடியாது.

அது போகட்டும். ஒரு வருடம் கழிந்தபோது கிழங்கைவிடப் பெரிய கவலை வந்தது. சயாமில் ரயில்பாதை போடுகிறோம், மூன்று மாத வேலை, சாப்பாடு உண்டு, சினிமா உண்டு என்று சொல்லி லாரியில் ஆள் ஏற்றத் தொடங்கினார்கள். ஏறினவர்களில் ஒருவரும் திரும்பி வந்து அந்தச் சினிமாவின் கதையைச் சொல்லவில்லை. அதனால் ஆள் சேர்வது நின்றது. சேராவிட்டால் என்ன, பிடிக்கத் தொடங்கினார்கள். உத்தியோகச் சின்னம் இல்லாத ஆண்பிள்ளை தெருவில் நின்றால் லாரிக்குச் சொந்தம். பசுபதியாருடைய நிறுவனம் கதவடைத்து வெகுநாளாகிவிட்டது. எதிர்ச் சாரியில் பாதி வீடுகளில் ஆண்கள் இல்லை. அவர் சன்னலோரமே போகாமல் வீட்டுக்குள் பூனைபோல நடமாடிக்கொண்டிருந்தார். லாரிச் சத்தம் கேட்டால் மனோரஞ்சிதம் அவரை அரிசிப் பானைக்குப் பின்னால் இருத்தி மேலே ஒரு சாக்கைப் போடுவாள். பானை காலியாக இருந்ததால் அவர் இருமினால் ஊருக்கே கேட்கும்.

இந்த நிலையில்தான் ஒருநாள் கபீர் மாடிப்படியில் பாதி ஏறி நின்று குரல் கொடுத்தார். குமாஸ்தாவை அந்த ஊரில் கிராணி என்பார்கள்.

"கிராணியாரே! இருக்கீங்களா, இல்ல சாக்குக்குள்ளயா?"

"என்ன விசயம்?"

"நான் அலமாரிக்கு ஆணி குடுக்கிறேன்ல, அந்த லைப்ரரியில ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறாங்களாம் லா. தோக்கியோவுலேர்ந்து ப்ரொபஸர் ஒருத்தர் வந்திருக்கார். சும்மா உக்காந்து படிக்கணுமாம். அதுக்கு மாசாமாசம் அரிசி, உப்பு."

"படிக்கிறதுக்கோ?"

"நானும் ரெண்டு தடவ கேட்டுட்டேன். படிக்கிறதுக்குத்தானாம். லாரிக்காரனும் தொடமாட்டான். ஆராய்ச்சிக்காரரையும் தொடமாட்டான், அவங்க வீட்டாளையும் தொடமாட்டான்."

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பேரரசுக்குச் சவர்க்காரம் செய்யக்கூட வக்கில்லாமல் போகிற கட்டத்தில்தான் அது ஆராய்ச்சிக்கு உதவித்தொகை அறிவிக்கும். அந்த நூலகத்திலும் அப்படித்தான். வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டு ஓடிய வீடுகளிலிருந்து புத்தகங்களை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். மனிதர்களை ஏற்றின அதே லாரிகள். புத்தகங்கள் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அவற்றை வைத்துக்கொண்டு மொழி, வரலாறு, பண்பாடு ஆகிய துறைகளில், அதாவது ஒருவருடைய வயிறும் நிறையாத துறைகளில், நாலு பேரை ஆய்வாளர்களாக நியமிப்பது என்று முடிவாகியிருந்தது. ஆய்வுத் திட்டம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டும். கூடவே, படித்தவர் ஒருவர் கொடுத்த நற்சாட்சி.

முதல் நிபந்தனையைக் கேட்டுப் பசுபதியார் சிரித்தார். இரண்டாவதைக் கேட்டுக் கண்கலங்கினார்.

திட்டம் அவரிடம் தயாராகவே இருந்தது. மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்: 'கீழைநாடுகளுக்கு ஆங்கில ஆட்சி அளித்த கொடை'. அதில் 'ஆங்கில' என்று வந்த இடங்களில் எல்லாம் ஜப்பானியர் தம் நாட்டைச் சொல்லும் 'நிப்பொன்' என்ற பெயரைப் போட்டார். கொடை மாறவில்லை. வாங்கிக்கொண்டவர்களும் மாறவில்லை. ஆராய்ச்சி முடிந்தது. பெருமையோடு மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தார். அவள் ஊரில் மிஷன் பள்ளியில் கடைசி வகுப்புவரை ஆங்கிலம் படித்தவள்; ஆனால் அதை வீட்டில் பயன்படுத்தும் அவசியம் அவளுக்கு இதுவரை ஏற்பட்டதில்லை. தமிழே போதுமாக இருந்தது.

"இஞ்சாருங்கோ, இதென்ன, தேம்ஸ் நதி தோக்கியோவுக்கு நடுவாலை ஓடுது?"

"எங்கை?"

"இஞ்சை. 'தேம்ஸ் நதிக்கரையிலே பிறந்த நிப்பொன் நாகரிகம்'. இஞ்சாலை பாருங்கோ, சப்பான்காரர் கிறிஸ்மஸ் கொண்டாடுகினம்."

"அதெல்லாம் சின்னச் சின்னத் திருத்தம்." பேனாவை எடுத்துத் 'தேம்ஸ்' என்பதை அடித்துவிட்டுத் 'தோக்கியோ' என்று எழுதினார். "தோக்கியோ நதி. சரியோ?"

"அப்பிடி ஒரு நதி இருக்கோ?"

"தலைநகரத்திலை ஒரு நதி இராதோ? உமக்குப் பூகோளம் விளங்காது. நீர் சும்மா இரும்."

மனோரஞ்சிதம் சும்மா இருந்தாள். அவள் சும்மா இருப்பது மிக அபூர்வம். பசுபதியார் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் மனமெல்லாம் நற்சாட்சியில் இருந்தது.

"ஆரைக் கேக்கிறது? கையெழுத்துப் போடக்கூடிய மனிசர் எல்லாம் சாங்கியிலை கீரைக்குத் தண்ணி ஊத்துகினம்."

"கீழை எனக்கு அண்ணன்மாதிரி ஒருத்தர், கபீர் நானா இருக்கிறார். அவரைக் கேட்டால் என்ன? அந்த லைப்ரரிக்குப் போய்வாற மனிசன்."

"கபீரோ! இரும்புக்கடைக்காரன்ரை கையெழுத்துக்கு என்ன பாரம்?"

"இரும்பின்ரை பாரம் போதாதே?"

"படிச்ச ஆள் எண்டு போட்டிருக்கு. அவருக்கு என்ன படிப்பு இருக்கு?"

மாடித் தரை வெறும் பலகை; மேலே பேசுவது கீழ்க்கடையில் அப்படியே கேட்கும். கீழே கபீர் ஆணி எண்ணுவதை நிறுத்தினார். பிறகு மறுபடியும் எண்ணத் தொடங்கினார்.

சில நாள் தாடையைத் தடவிக்கொண்டிருந்த பசுபதியாருக்கு ஒரு சனிக்கிழமை காலையில் ஞானம் பிறந்தது. பெரிய மனிதர் கிடைக்காவிட்டால் ஒருவரை உண்டாக்கிவிட வேண்டியதுதான். மனைவியை மேசையில் உட்காரவைத்துத் தாளும் பேனாவும் கொடுத்தார். அவள் ஆங்கிலக் கையெழுத்து மிஷன் பள்ளிக் கையெழுத்து, மணியாக இருக்கும்.

"எழுதும். 'மனோரஞ்சிதமாகிய நான்...'"

"நானோ? நான் ஆர்?"

"நீர் ஒரு பெரிய அறிஞர்."

"மெய்யே! எப்ப இருந்து?"

"இப்ப இருந்து. பகிடி விடாமல் எழுதும்."

"ஏன், ஆம்பிளைப் பேர் ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

பசுபதியார் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலச் சிரித்தார். "ஆம்பிளை எண்டால் தேடுவாங்கள். ஆர் இவன், எங்கை இருக்கிறான், ஏன் இன்னும் லாரியிலை ஏத்தேல்லை எண்டு விசாரிப்பாங்கள். பொம்பிளையை ஆர் தேடி வரப்போறான்? அதுதான் மூளை எண்டுறது."

"ஓம், உங்கட மூளைக்கு ஆர் கிட்ட வாறது? சரி, நான் என்னத்தை ஆராய்ஞ்சனான்?"

"அதுதான் யோசிக்கிறன். ஆரும் புத்தகத்தைப் பாத்துப் பிழை பிடிக்கேலாத விசயமாய் இருக்கவேணும்."

மனோரஞ்சிதம் பேனாவைக் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"ஏச்சு," என்றாள்.

"என்னது?"

"பொம்பிளையள் புருசன்மாரை ஏசுற ஏச்சு. அது ஒரு புத்தகத்திலையும் இல்லை. ஒருத்தராலும் சோதிக்கேலாது."

பசுபதியார் யோசித்தார். தம்முடைய நிப்பொன் கொடைக்குப் பக்கத்தில் இந்தத் தலைப்பு எவ்வளவு அற்பமாகத் தெரியும் என்று நினைத்துப் பார்த்தார். பிடித்துப்போயிற்று. தலைப்பு அற்பம், ஆகவே போட்டி இல்லை. ஆனால் ஆள் அற்பமாக இருக்கக்கூடாது, கோட்பாடு இடங்கொடாது. எனவே அவர் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டு அறிஞரைக் கட்டி எழுப்பத் தொடங்கினார். இந்த அம்மையார் யாழ்ப்பாணத்திலும் மலாயாவிலும் வீடு வீடாக ஏறி இறங்கித் தமிழ்ப் பெண்களின் வசவுகளைத் திரட்டியவர். கோபத்தின் அளவுக்கேற்ப அவற்றை வகுத்தவர். காலை வசவு வேறு, மாலை வசவு வேறு என்று முதன்முதலில் உலகுக்குச் சொன்னவர்.

"இன்னும் கொஞ்சம் பாரம் போடுங்கோ," என்றாள் மனோரஞ்சிதம். "என்ரை சொல்லு எடுபட வேணும் எல்லோ?"

"அதுதானே! இப்பத்தான் உமக்கு விசயம் விளங்குது. எழுதும், 'மாமியார் முன்னிலையில் ஏசுவதற்கென்று தனி முறை உண்டு என்பதை நிறுவியவள் நானே'."

"அது மெய்தானே."

"மெய்யோ பொய்யோ, எழுதும்."

தாள் மூன்று பக்கம் நிறைந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் விரற்கடை இடம் மிஞ்சியது.

"இஞ்சாருங்கோ, உங்களைப் பற்றி ஒண்டும் வரேல்லையே?"

"ஒரு வரி போடும். 'பசுபதி என்பவர் நேரம் தவறாதவர்.'"

"அவ்வளவுதானோ?"

"பெரிய மனிசர் எண்டால் ஆரைப் பற்றியும் ஒரு வரிக்கு மேலை எழுதமாட்டினம். கவர்னரின்ரை செக்ரட்டரியும் எனக்கு ஒரு வரிதான் எழுதினவர்."

"ஓம், ஓம். அதாலைதான் கெதியாய் எரிஞ்சுது," என்று சொல்லி அவள் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டாள். மிக நல்ல கையெழுத்து. அதற்குமுன் அவள் எந்தக் காகிதத்திலும் அவ்வளவு ஆசையாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

அடுத்த வாரமே அழைப்பு வந்தது. பசுபதியார் நேர்காணலுக்கு வரவேண்டும். நற்சாட்சி கொடுத்த அறிஞரையும் அழைத்து வரவேண்டும்.

பெண்ணை யாரும் தேடி வரமாட்டார்கள் என்ற பசுபதியாரின் கணிப்பு ஓரளவு சரிதான். தேடி வரவில்லை, வரச்சொல்லியிருந்தார்கள். போகாமல் இருந்தால் பொய் வெளிப்படும். பொய் வெளிப்பட்டால் லாரியைவிட மோசமான இடங்கள் அந்தக் காலத்தில் இருந்தன. அவர் மனைவிக்குக் கட்டளைகள் பிறப்பித்தார்.

"நீர் எனக்கு ஆரோ, நான் உமக்கு ஆரோ. விளங்குதோ? கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. அதுவும் ஓம், இல்லை. வேறை ஒரு சொல்லும் வேண்டாம்."

"ஓம்."

"வாயைத் திறந்தால் என்ரை சீவன் போச்சு."

"அதுக்கும் ஓம்தானே?"

ஜாலான் புசாரிலிருந்து நூலகம்வரை இருவரும் தெருவின் இரண்டு பக்கமாக நடந்தார்கள். காவற்சாவடிகளில் ஜப்பானியச் சிப்பாய்க்கு இவர் இந்தப் பக்கம் குனிந்து வணங்கினார், அவள் அந்தப் பக்கம் வணங்கினாள். பசுபதியார் ஒவ்வொரு தடவையும் அதிகமாகவே குனிந்தார். நல்ல பெயர் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

பேராசிரியர் நிஷிகாவா புத்தகக் குவியல்களுக்கு நடுவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். இரண்டு பேருக்குத் தைத்த இராணுவச் சட்டையை ஒருவராகப் போட்டிருந்தார். லண்டனில் படித்தவர், நல்ல ஆங்கிலம். அதை அந்தச் சட்டைக்குள் இருந்து பேசுவது அவருக்கே சங்கடமாக இருந்தது. பசுபதியாரின் திட்டத்தைப் புரட்டினார்.

"நிப்பொன் அளித்த கொடை. நல்ல தலைப்பு. வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை இதே தலைப்புத்தான். ஒன்றில் எங்கள் சக்கரவர்த்தி வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டிக்கொள்கிறார்."

"சிலருக்கு வரலாற்று அறிவு போதாது, ஐயா," என்றார் பசுபதியார் வருத்தத்தோடு.

"உண்மை. தோக்கியோ நதியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த ஊரில் பிறந்தவன். அப்படி ஒரு நதி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. நன்றி."

பேராசிரியர் திட்டத்தை மூடி ஓரமாக வைத்தார். அந்த ஓரத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய அடுக்கு இருந்தது.

"உங்களுக்கு நற்சாட்சி எழுதிய அம்மையார் வந்திருக்கிறாரா?"

மனோரஞ்சிதம் உள்ளே வந்தாள். பேராசிரியர் எழுந்து நின்று வணங்கினார். தமக்கு ஒருவரும் எழுந்து நிற்கவில்லை என்பதைப் பசுபதியார் குறித்துக்கொண்டார்.

"அம்மா, நான் என் நாட்டில் கிராமத்துப் பெண்களின் வாய்மொழியை ஆராய்ந்தவன். கதை, பாட்டு எல்லாம் பதிவு செய்தாயிற்று. வசவைப் பதிவு செய்ய எங்களுக்குத் தோன்றவே இல்லை. உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஓர் எடுத்துக்காட்டுத் தரமுடியுமா?"

பசுபதியார் இருமினார். 'ஓம், இல்லை' என்று அந்த இருமலுக்குப் பொருள்.

"தரலாம்," என்றாள் மனோரஞ்சிதம், தெளிவான மிஷன் பள்ளி ஆங்கிலத்தில். "ஆனால் வெறும் சுவரைப் பார்த்து ஏச வராது. தகுந்த ஆண்பிள்ளை ஒருவர் எதிரில் நிற்கவேண்டும். இந்த விண்ணப்பதாரர் சும்மாதானே இருக்கிறார். கொஞ்சம் எழுந்து நிற்கச் சொல்லுங்கள்."

பேராசிரியர் கையைக் காட்டினார். பசுபதியார் எழுந்து நின்றார்.

மனோரஞ்சிதம் முந்தானையைச் செருகிக்கொண்டு தமிழுக்கு மாறினாள்.

"இஞ்சாருங்கோ! கண்ணைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளுறியளோ? உங்களுக்குப் போட்ட சோத்தை ஒரு மாட்டுக்குப் போட்டிருந்தால் சாணியாவது மிஞ்சியிருக்கும். இருவது வரியம் கடதாசியைக் கட்டிக்கொண்டு அழுதியளே, அதிலை ஒண்டாவது ஒரு நாள் உலைக்கு அரிசி கொண்டுவந்ததோ? ஊர் ஆம்பிளையள் எல்லாம் மூளையைத் தலைக்குள்ளை வைச்சிருக்க, நீங்கள் மட்டும் தகரப்பெட்டிக்குள்ளை வைச்சிருந்தியளே, ராசா! நல்லாய் இருப்பியள்! வாயை மூடுங்கோ, ஈ இலையான் போகப்போகுது!"

அது ஆராய்ச்சி என்று பேராசிரியர் நினைத்தார். அதில் பாதி அன்று காலை ஏற்கெனவே வீட்டில் நடந்தது என்பது பசுபதியாருக்குத்தான் தெரியும்.

அவள் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் விளக்க, பேராசிரியர் வேகவேகமாக எழுதிக்கொண்டார்.

"முழுவதும் மரியாதைப் பன்மையில் இருக்கிறது என்கிறீர்களே?"

"எங்கள் ஆட்களில் அப்படித்தான். மரியாதை குறைந்தால் அது சண்டை. குறையாமல் ஏசத்தான் பயிற்சி வேண்டும்."

"மறுமொழி சொல்லக் கணவனுக்கு மரபில் இடம் உண்டா?"

இருவரும் பசுபதியாரைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

"உண்டு," என்றாள் மனோரஞ்சிதம். "இதுதான்."

பேராசிரியர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, நீங்களே ஏன் விண்ணப்பிக்கவில்லை?"

"எனக்கு நற்சாட்சி கொடுக்க ஆள் இல்லையே, ஐயா."

"ஆணி கொண்டுவருகிற வணிகர் தம் கடை மாடியில் மிகப் படித்த பெண் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். ஆனால் விதியில் 'படித்தவர்' என்று இருக்கிறது. கடைக்காரர் சொல்லை ஏற்க இடமில்லை." பேராசிரியர் மெல்லத் திரும்பினார். "ஐயா, நீங்கள் படித்தவர்தானே?"

பசுபதியாரிடம் உலகத்தில் எந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலும் தப்பித்திருப்பார். இந்த ஒரு கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லும் பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

"ஆம்," என்றார்.

"இந்த அம்மையாரை அறிவீர்களா?"

அறியேன் என்றால் அவள் எழுதிய நற்சாட்சி பொய்யாகும். பொய்யானால் எங்கே போகவேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"பல ஆண்டுகளாக அறிவேன்."

"எப்படிப்பட்டவர்?"

"ஒழுக்கமானவர்," என்றார் பசுபதியார். "உழைப்பாளி. நேரம் தவறாதவர்."

தாளும் பேனாவும் நீட்டப்பட்டன. பசுபதியார் பிறர் கையெழுத்துக்களைச் சேர்த்த மனிதர். பிறருக்காக ஒரு கையெழுத்துப் போட்டது அன்றைக்குத்தான். அந்த ஒன்றிலேயே ஆய்வாளர் பதவி மனோரஞ்சிதத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

விவரங்களைப் பூர்த்தி செய்யும்போது கணவர் பெயர் கேட்டார்கள். அவள் சொன்னாள். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பசுபதியாரை இன்னொரு முறை பார்த்தார்.

"ஆய்வுக்களம் வீட்டிலேயே இருப்பது வசதி," என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது தெருவின் இரண்டு பக்கமாக நடக்கவேண்டிய தேவை இல்லை. ஆனாலும் பசுபதியார் அந்தப் பக்கமே நடந்தார். கடை வாசலில் கபீர் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன காணும், ப்ரொபஸரிட்டை என்ன சொன்னனீர்?" என்றார் பசுபதியார்.

"உள்ளதச் சொன்னேன். மாடியில படிச்சவங்க ஒருத்தங்க இருக்காங்கன்னேன். ஆருன்னு கேட்டாங்க, தங்கச்சின்னேன்."

"ஏன், நான் இருக்கிறது உமக்குத் தெரியாதோ?"

"தெரியும் லா. ஆனா நான் படிக்காதவன். ஆருக்குப் படிப்பு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? தங்கச்சி எறங்கி வந்து, 'நானா, எனக்காக ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ'ன்னு கேட்டுச்சு. சொன்னேன்."

"எப்ப கேட்டவ?"

"போன வார வெள்ளிக்கிழம, ஜும்மாவுக்குப் போகையில."

பசுபதியார் அறிஞரை உண்டாக்கியது அதற்கு மறுநாள், சனிக்கிழமை. ஒரு முறை மாடியை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் மேலே போயிருந்த மனோரஞ்சிதம் சன்னலில் நின்று தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

"மனோ! அப்ப, நான் சொல்லச்சொல்ல நீர் எழுதினது...?"

"நல்லாய்த்தானே சொன்னியள்! எனக்கு அவ்வளவு வந்திராது. மேலை வாங்கோ, தெருவிலை நிக்காதேங்கோ, லாரி வாற நேரம்."

அரிசி வந்தது, உப்பு வந்தது. கைப்பட்டைகளும் வந்தன. மனோரஞ்சிதத்துக்கு 'ஆய்வாளர்' என்று ஜப்பானிய எழுத்தில் அச்சடித்த துணிப்பட்டை. வீட்டாருக்கு இன்னொன்று. ஆய்வாளர்களின் வீட்டாருக்கென்று நூலகத்தில் ஒரே வகைப் பட்டைதான் அச்சடித்து வைத்திருந்தார்கள். அதில் 'ஆய்வாளரின் மனைவி' என்று இருந்தது. ஆய்வாளருக்குக் கணவன் இருப்பான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வேறு அச்சடிக்கத் துணியும் இல்லை. அலுவலகத்தில் இதை மனோரஞ்சிதத்திடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். பரவாயில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இதிலை என்ன எழுதியிருக்கு?" என்று பசுபதியார் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பொறும், பொறும். இந்த எழுத்து எனக்குப் பழக்கம். முதல் ரெண்டும் 'பெரிய'. கடைசி எழுத்து 'பண்டிதர்'."

"அப்பிடித்தான் இருக்கும்," என்று சொல்லி அவள் அதை அவர் சட்டைக் கையில் குத்திவிட்டாள்.

மறுநாள் அவர் பல மாதங்களுக்குப் பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினார். சிராங்கூன் ரோட்டு முனையில் லாரி நின்றது. ஒரு சிப்பாய் அவர் தோளைப் பிடித்தான். பிறகு பட்டையைப் படித்தான். தோளை விட்டான். இன்னொரு சிப்பாயைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் மூன்றாமவனைக் கூப்பிட்டார்கள். மூவரும் லாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பசுபதியாருக்கு மிகப் பணிவாகத் தலை வணங்கினார்கள். அவரும் வணங்கினார். கல்விக்கு நிப்பொன் கொடுக்கிற மரியாதையைப் பற்றி அன்று மாலை மனைவியிடம் நெடுநேரம் கதைத்தார்.

அரிசி வாங்கும் கடையில் காவலாளி பட்டையைப் படித்துவிட்டு அவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய்ப் பெண்கள் வரிசையில் நிறுத்தினான். அந்த வரிசை குட்டையானது. பசுபதியார் வெயில் ஏறுமுன்பே அரிசியோடு வீடு திரும்பி உலை வைத்தார்.